எழுத்துக் கூட்டாமல் வாசிப்பவர்கள்

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நாளில் இங்கிலீஷ் துப்பறியும் கதைகளை நான் வெறியோடு வாசித்து வந்தேன். அவற்றில் அடிக்கடி ஒரு ராணுவ அதிகாரி வருவார். ஓய்வு பெற்றவர்; பெரிய மீசை, பெரிய வீடு, நாலு நாய்கள்; மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் பெரும்பாலும் கொலையுண்டு கிடப்பார். அவருடைய பதவியை 'கொலோனல்' என்று மனத்துக்குள் வாசித்துக்கொண்டேன். சி, ஓ, எல், ஓ, என், ஈ, எல் என்று ஏழு எழுத்துக்கள் வரிசையாக நிற்கும்போது வேறு எப்படித்தான் வாசிப்பது? அதே சமயம் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கர்னல்' என்று ஒருவர் வருவார். அவரும் ராணுவ அதிகாரிதான். இருவரும் ஒருவரே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொலோனல் கொஞ்சம் பெரிய உத்தியோகம், கர்னல் அவருக்கு ஒரு படி கீழே என்று நானாகவே தீர்மானம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பாடத்தில் கொலோனலும் வந்தார். வாத்தியார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஏண்டா, யாருடா அந்தக் கொலோனல்? எந்த ஊர்க்காரர்?" என்றார்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த வகுப்பில் கதைப் புஸ்தகம் என்னளவுக்குப் படித்தவன் ஒருவனும் இல்லை. இருந்தாலும் அன்று சாயங்காலம் வரையில் நான் தலை நிமிரவில்லை.

அவமானம் ஆறிய பிறகு ஒரு விஷயம் புலப்பட்டது. எத்தனையோ கதைகளில் அந்த ஆசாமியோடு பழகியிருக்கிறேன். அவருடைய கோபம் தெரியும், கௌரவம் தெரியும், சாவு தெரியும். அவரைக் கூப்பிடத்தான் தெரியவில்லை. கூப்பிடத் தெரியாதது கதையை அனுபவிக்க ஒரு துளியும் தடையாக இருந்ததில்லை. அப்படியானால் நான் வாசித்துக்கொண்டிருந்தது எதை? ஒலியையா, எழுத்தையா, அல்லது இரண்டும் இல்லாத வேறு எதையாவதா?

ஆங்கில எழுத்துக் கூட்டலைக் கேலி செய்வது சுலபம். ஆங்கிலேயரே அதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கர்னலின் பூர்வோத்தரத்தையே பார்க்கலாம். இத்தாலியில் கொலொன்னெல்லோ என்று பிறந்த சொல் அது. பிரான்ஸுக்குப் போனதும் கொரொனெல் என்று ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கடன் வாங்கியது, ரகரம் உள்ள இந்த உருவத்தைத்தான். பிறகு பண்டிதர்கள் மூலத்தைத் தேடிப் போய், எழுத்தில் மட்டும் லகரத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். வாய் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லும் கடன் வாங்கியதுதான். பிரெஞ்சிலிருந்து அது வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீனில் டெபிட்டும் என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் ஒரு பி-யைச் செருகினார்கள், கடனோடு வட்டி சேர்வது மாதிரி. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் நடுவில் இருக்கும் எஸ், தவறாகக் கொண்டாடிய உறவு. லத்தீன் இன்சுலாவுக்கும் அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். கடல் கடந்து போய்த் தொழில் கற்று வந்தவர். பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற சொல்லில் எச் நுழைந்தது, அந்த அச்சுக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட ஃபிளெமிஷ் வழக்கத்தால்தான் என்கிறார்கள். அச்சு எழுத்தைப் பிடித்து நிறுத்திய அதே நூற்றாண்டுகளில் உச்சரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்து. இன்று சும்மா நிற்கிறது.

இந்தக் கேலிகளில் மிகப் பிரசித்தமானது மீன் கதை. ஜி, எச், ஓ, டி, ஐ என்று ஐந்து எழுத்தை எழுதி, இதை 'ஃபிஷ்' என்று வாசிக்க வேண்டும் என்பார்கள். 'ரஃப்' என்ற சொல்லின் கடைசியில் ஜி எச் சேர்ந்து ஃப ஆகிறது, 'விமென்' என்ற சொல்லில் ஓ இகரமாகிறது, 'நேஷன்' என்ற சொல்லில் டி ஐ சேர்ந்து ஷ ஆகிறது, ஆகவே மீன். இதைப் பெர்னார்ட் ஷா சொன்னதாகச் சொல்லுவார்கள். ஆனால் இந்த வேடிக்கை 1855-ல் சார்லஸ் ஆலியர் என்பவர் லீ ஹண்டுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. ஷா பிறந்தது 1856-ல். அவர் எவ்வளவுதான் முன்யோசனைக்காரராக இருந்தாலும் இதை அவர் கணக்கில் எழுத முடியாது.

யார் சொன்னால் என்ன, கேலி நியாயமா என்று பார்த்தால், நியாயமில்லை. எந்த ஆங்கிலச் சொல்லிலும் ஜி எச் முதலில் நின்று ஃப என்று ஒலிப்பதில்லை. டி ஐ கடைசியில் நின்று ஷ என்று ஒலிப்பதில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் அந்த ஐந்தெழுத்தைப் பார்த்தால் 'கோட்டி' என்றுதான் வாசிப்பான். எந்த எழுத்து எந்த இடத்தில் என்ன செய்யும் என்று அவன் கண்ணுக்குத் தெரியும். நமக்கும் இது புதிதல்ல. கடல், தங்கம், அகம் என்ற மூன்றிலும் ககரம் ஒன்றுதான். மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லுகிறோம். தமிழ் படிக்க வரும் வெளிநாட்டான் திண்டாடுகிறான். நாம் திண்டாடுகிறோமா?

ஷா அந்த மீனைப் பிடிக்கவில்லையே தவிர, அவருக்கு ஆங்கில எழுத்தின்மேல் இருந்த கோபம் விளையாட்டல்ல. தம்முடைய நாடகங்களை அவர் பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதுவார். காரியதரிசி அதை டைப் அடிப்பார். கையின் உழைப்பைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை. 'பாம்' என்ற சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஒரு பி இருக்கிறது அல்லவா? அதை வைத்தும் வைக்காமலும் எழுதிப் பார்த்து, ஒரு எழுத்தை விட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டார். உலகம் முழுவதும் ஆங்கிலம் எழுதுகிறவர்களின் கைகளையெல்லாம் சேர்த்துப் பெருக்கினால் கிடைக்கும் லாபத்துக்கு அளவே இல்லை என்பது அவர் கட்சி.

1950-ல் அவர் காலமானபோது, ஒலிக்கு ஒரு எழுத்தாகக் குறைந்தது நாற்பது எழுத்துள்ள புது லிபி ஒன்றை உண்டாக்கத் தம் சொத்திலிருந்து செலவு செய்ய வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1957-ல் நீதிபதி ஹார்மன், அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ராஜியாகி 8,300 பவுன் மட்டும் லிபிக்காக ஒதுக்கினார்கள். போட்டி வைத்ததில் 467 லிபிகள் வந்து சேர்ந்தன. பரிசை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான கிங்ஸ்லி ரீட் கடைசியில் 48 எழுத்துக்கள் கொண்ட லிபியை உருவாக்கினார். அதில் 'ஆண்ட்ரோக்ளீஸும் சிங்கமும்' என்ற ஷாவின் நாடகத்தை 1962-ல் பெங்குவின் பிரசுரமாக வெளியிட்டார்கள்.

அந்தப் புஸ்தகத்தை ஒரு நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் புது லிபி, எதிர்ப்பக்கம் பழைய லிபி. புது லிபி பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. வல்லொலி எழுத்து மேலே நீண்டிருக்கும். அதையே தலைகீழாகத் திருப்பினால் அதன் மெல்லொலி ஜோடி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை; பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். காகிதமும் மிச்சம். எல்லாம் புத்திசாலித்தனமான ஏற்பாடு. அரை மணி நேரம் எழுத்துக் கூட்டி மூன்று வரி வாசித்தேன். என் கண் என்னைக் கேட்காமலே எதிர்ப்பக்கத்துக்குத் தாவித் தாவிப் போயிற்று.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. 'தி', 'ஆஃப்', 'அண்ட்', 'டு' என்று ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் நான்கு சொற்கள் இருக்கின்றன அல்லவா? இவற்றுக்கு இந்த லிபி ஒலிப்படி எழுத்துக் கூட்டுவதில்லை. ஆளுக்கு ஒரே எழுத்தைக் கொடுத்து முடித்துவிடுகிறது. ஒலிக்கு எழுத்து என்று சபதம் செய்து புறப்பட்டவர்கள், அதிகம் புழங்கும் சொற்களுக்கு வந்தபோது சபதத்தைக் கைவிட்டு, பார்த்தவுடன் தெரியும் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டார்கள். கைக்குச் சௌகரியம் என்று செய்திருப்பார்கள். ஆனால் கண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் காரியத்தைத்தான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஷா கையைப் பற்றிக் கணக்குப் போட்டார். கண்ணைப் பற்றிப் போடவில்லை. ஒரு நாடகத்தை எழுதுகிறவர் ஒருவர், எழுதுவது ஒரு தடவை. வாசிக்கிறவர்கள் லட்சம் பேர். யாருடைய நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும்?

கண் வாசிக்கும் விதத்தை நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் வைத்தியர் 1879-ஐ ஒட்டி எழுதியதிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்துகிறது, நிற்கிறது, மறுபடி தத்துகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடி. சின்னச் சொற்கள் பலவற்றின்மேல் அது நிற்பதே இல்லை. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த அமெரிக்கர் கட்டெல், ஒரு தனி எழுத்தை அடையாளம் காண ஆகும் அதே நொடிக்குள் ஒரு முழுச் சொல்லையும் அடையாளம் கண்டுவிடுகிறோம் என்று 1880-களிலேயே காட்டினார். 1976-ல் ஆலிஸ் ஹீலி என்ற ஆராய்ச்சியாளர், ஒரு பக்கத்தில் வரும் டி எழுத்தையெல்லாம் குறிக்கும்படி சிலரிடம் கொடுத்தார். 'தி' என்ற சொல்லில் உள்ள டி-யைத்தான் அவர்கள் மிகுதியாகத் தவறவிட்டார்கள். கண்ணுக்கு எதிரே இருந்தது. சொல்லைப் பார்த்தார்கள், எழுத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு ஆராய்ச்சி எதற்கு, புஸ்தகம் போட்டவர்களைக் கேட்டாலே போதும். என் நாவல் ஒன்றின் புரூஃபை நான் மூன்று தடவை பார்த்தேன். புஸ்தகம் வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டில் அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த பையன் முதல் பக்கத்திலேயே ஒரு பிழையைப் பிடித்துவிட்டான். "மாமா, இங்கே ஒரு எழுத்தைக் காணோமே!" என்றான். அவன் எழுத்தை வாசித்தான். நான் என் கதையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2003-ல் ஒரு மின்னஞ்சல் உலகத்தைச் சுற்றி வந்தது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் நடுவில் உள்ளவை எப்படிக் கலைந்திருந்தாலும் வாசித்துவிடலாம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது என்றது அது. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவில்லை. நாட்டிங்ஹாமில் 1976-ல் ராலின்ஸன் என்பவர் எழுத்துக் கலைப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியது உண்டு. அஞ்சலில் வந்த வாக்கியங்கள் சுலபமாகக் கலைத்தவை. நீண்ட சொல்லை நன்றாகக் கலைத்துப் போட்டால் எந்தக் கண்ணும் விழிக்கும். பழகிய கண் எழுத்தைப் புறக்கணிப்பதில்லை. எல்லா எழுத்தையும் சேர்த்து ஒரே கவளமாக எடுத்துக்கொள்கிறது.

அப்படி எடுத்துக்கொள்ளும் கண்ணுக்கு, ஒலிக்காத எழுத்தும் ஒரு தகவல். ஷா வெட்டிவிட நினைத்த அந்த பி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பாம்' என்னும்போது அது ஊமை. குண்டு வீசுவதைக் குறிக்கும் 'பம்பார்ட்' என்ற சொல்லில் வாய் திறந்து பேசுகிறது. 'ஸைன்' என்பதில் ஒலிக்காத ஜி 'ஸிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கிறது. இவை ஒரே குடும்பம் என்று காதுக்குத் தெரிவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வலது, எழுது, சடங்கு, தொழிலாளி என்று நாலு அர்த்தமுள்ள நாலு 'ரைட்'டுகள் காதுக்கு ஒன்று. கண்ணுக்கு நாலும் வேறு வேறு. ஒலிப்படி எழுதிவிட்டால் இந்த லாபமெல்லாம் போய்விடும்.

யாருடைய ஒலிப்படி எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை உருட்டுகிறார், லண்டன்காரர் விழுங்குகிறார். ஷா இதற்கும் வழி சொல்லியிருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய உச்சரிப்பு மாதிரியாக இருக்கட்டும் என்று உயிலில் கண்டிருந்தது. டப்ளினில் பிறந்த சோஷலிஸ்ட் ஒருவர் அரசருடைய வாயை உலகத்துக்கெல்லாம் அளவுகோலாக வைத்தார்!

இங்கேதான் ஷாவை அவருடைய நாடகத்தைக் கொண்டே நிறுத்தத் தோன்றுகிறது. 'பிக்மாலியன்' நாடகத்தைப் பலர் 'மை ஃபேர் லேடி' படமாகப் பார்த்திருப்பீர்கள். உயிலின்படி நடத்தக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி அந்த நாடகத்தின் வருமானம்தான். பூ விற்கும் எலிசா வாயைத் திறந்தால் அவள் எந்தத் தெரு என்று உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உச்சரிப்பு மனிதரை ஜாதி பிரிக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாடகம் வேறு உண்டா என்பது சந்தேகம். முதல் அங்கத்தில் எலிசாவின் பேச்சை ஷா ஒலிப்படியே எழுதப் பார்க்கிறார். இரண்டொரு பேச்சுக்குள் கைவிட்டுவிடுகிறார். லண்டனுக்கு வெளியே யாருக்கும் புரியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வழக்கமான எழுத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஒலிக்கு ஏற்ற லிபி இல்லாததுதான் காரணம் என்பது அவர் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிபி இருந்திருந்தாலும் எலிசாவின் வரிகளை வாசகன் எழுத்துக் கூட்டித்தான் வாசித்திருப்பான். அவளுடைய துக்கத்தை எட்டியிருக்க மாட்டான்.

இன்னொன்றையும் ஷா யோசிக்கவில்லை. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்ளும் எலிசா, காகிதத்தில் எழுதினால் அவளும் புரொபஸரும் ஒரே எழுத்தைத்தான் எழுத வேண்டும். அந்தப் பழைய, கோணல் எழுத்துக்குத் தெருவும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. யாருடைய உச்சரிப்பும் இல்லாததாலேயே அது எல்லோருக்கும் பொது. ஒலிப்படி எழுதும் நாள் வந்தால் எலிசா காகிதத்திலும் பூக்காரியாகவே இருப்பாள்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்க்கட்சியின் பலத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வளர்ந்தவர்களின் கண் அனுபவிக்கும் இந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பவை குழந்தைகள். 2003-ல் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸீமூர் என்பவரும் கூட்டாளிகளும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து எழுதினார்கள். பெரும்பாலான மொழிகளில், வருஷ முடிவில் குழந்தைகள் தெரிந்த சொற்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக வாசித்தன. ஃபின்னிஷ் குழந்தைகள் நூற்றுக்கு 98. ஆங்கிலம் படித்த குழந்தைகள் சுமார் 34. குழந்தைகளின் குற்றமல்ல அது.

இந்த நோவுக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். சுருக்கெழுத்து கண்ட ஐசக் பிட்மனின் பேரர் ஜேம்ஸ் பிட்மன், 44 எழுத்துக்கள் கொண்ட ஒரு பாலபாட லிபியை உண்டாக்கினார். 1961 முதல் இங்கிலாந்தில் பல பள்ளிகளில் அதில் கற்பித்தார்கள். குழந்தைகள் சீக்கிரம் வாசிக்கக் கற்றுக்கொண்டன. ஆனால் சில வருஷம் கழித்துப் பழைய எழுத்துக்கு மாறியாக வேண்டும் அல்லவா? உலகத்துப் புஸ்தகங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. பல குழந்தைகள் அங்கே தடுக்கி விழுந்தன. 1970-களில் அந்த லிபி மெல்ல மறைந்தது.

கண் எதற்கும் பழகிவிடாதா என்று கேட்கலாம். பழகும். பெரியார் 1935-ல் தம் பத்திரிகையில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. துதிக்கை வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் போயின. இன்று பழைய புஸ்தகத்தையும் புதியதையும் மாறி மாறி வாசிக்கிறோம். ஆனால் அங்கே மாறியது சில எழுத்துக்களின் உருவம்தான். ஒரு சொல்லின் எழுத்து வரிசைகூடக் கலையவில்லை. சட்டையை மாற்றிக்கொண்ட சிநேகிதனை அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஷா கேட்டது முகத்தையே மாற்றிக்கொள்ளும்படி.

ஆகையால் ஆங்கில எழுத்து அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம். மாற்ற வேண்டியது, அதை வைத்து நாம் சிரிக்கும் சிரிப்பை. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்தால் உடனே கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுகிறது. அந்தச் சொல்லை அவர் எங்கே சந்தித்தார் என்று யாரும் யோசிப்பதில்லை. அதைச் சொல்லிக் காட்ட அவர் வீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு புஸ்தகத்தில், விளக்கடியில், தனியாக அதைச் சந்தித்து, அர்த்தத்தையும் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். ஆங்கிலேயருக்கும் இது நேர்வதுண்டு. 'மிஸ்லெட்' என்ற சொல்லை 'மைஸில்ட்' என்று வருஷக்கணக்காக மனத்துக்குள் வாசித்து வந்ததாக ஒப்புக்கொண்டவர்கள் அங்கே பலர். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. நம் பையனுக்கு அது தலைகுனிவு.

என் வாத்தியார்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சிரித்துத்தான் கர்னலைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். உரக்கச் சொல்லும்போது நானும் இன்று கர்னல் என்றே சொல்லுகிறேன். ஆனால் ராத்திரியில் ஒரு பழைய துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், மூன்றாம் அத்தியாயத்துக்குள் கொலையுண்டு கிடப்பவர் இன்னமும் கொலோனல்தான்.